ஆய்வுகூட அலுமாரியைத் திறக்கச் சொல்லி ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெண்பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும், ஊரிலும் புலம்பெயர் நாடுகளிலும் இயங்கும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும்,

தரம் 9 பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படும் பாடத்தெரிவுப் படிவத்தைப் பற்றி முதலில் பேசவேண்டும். க.பொ.த. சாதாரண தரத்துக்கு ஆறு கட்டாயப் பாடங்கள், மூன்று தெரிவுப் பாடங்கள். தெரிவின் மூன்றாம் தொகுதியில் வடிவமைப்போடு சேர்ந்த மூன்று தொழினுட்பப் பாடங்கள் உண்டு: மின்னியலும் இலத்திரனியலும், இயந்திரவியல், நிர்மாணம். பாடத்திட்டத்தில் உண்டு. எங்கள் பெண்கள் பாடசாலைகள் பலவற்றின் படிவத்தில் இல்லை. அங்கே மனைப் பொருளியல், சுகாதாரமும் உடற்கல்வியும், தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல், சில இடங்களில் விவசாயம், அதோடு சரி. ஏன் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, ஆசிரியர் இல்லை. மற்றது, "பொம்பிளைப் பிள்ளையள் கேக்கிறேல்லை." படிவத்தில் அச்சடிக்காத பாடத்தை எந்தப் பிள்ளை கேட்கும்?

இப்படியொரு படிவத்தைக் கொடுத்துவிட்டு, அதே பாடசாலை மண்டபத்தில் பெண்களும் பொறியியலும் என்று பதாகை கட்டிக் கருத்தரங்கு வைக்கிறீர்கள். விருந்தினருக்கு மாலை, மங்கல விளக்கு, ஒன்றரை மணித்தியாலப் பேச்சு, குழுப்படம். ஊக்கப் பேச்சுக்கு எங்கள் ஊரில் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் பிரேமளா சிவசேகரம் என்பதைப் பொது அறிவுப் போட்டிக்காகப் பாடமாக்கி வைத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். மின்னழுத்தம், ஓட்டம், தடை அளக்கும் ஒரு பல்மானியைத் தானாகப் பிடித்து ஒரு மின்கலத்தை அளந்து பார்த்தவர்கள் அவர்களுக்குள் மிகக் குறைவு.

பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம், தொழினுட்பம் கற்பிக்கிறவர்களும் பொறியியல் தொழிலில் இருப்பவர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாட்டின் அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பொறியியல் பீடங்களில் அவர்கள் சிறுபான்மை. இதற்குக் காரணம் பிள்ளைகளின் ஆர்வக்குறைவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கருவியோடு அவர்கள் செலவிடும் நேரம் குறைவு. அந்த நேரத்தைத் தடுப்பவை எல்லாம் கொழும்பில் இருந்து மாற்றவேண்டிய கொள்கைகளும் அல்ல. அலுமாரித் திறப்பு, பொருட்பதிவேடு, நேரசூசி என்று பெரும்பாலானவை உங்கள் மேசையிலேயே இருக்கின்றன.

உயர்தரப் பௌதிகவியலுக்குத் தனியான செய்முறைப் பரீட்சை இல்லை. அதனால் பரிசோதனை செய்யாமலே சித்தியடையலாம் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கருவியில் கை வைத்தவருக்கு இரண்டு நிமிடத்தில் வரும் விடையை, ரியூட்டரியில் குறிப்பு எழுதியவர் நினைவில் தேடிக்கொண்டிருப்பார். அழுத்தமானியை, அதாவது ஒரு நீண்ட கம்பியின் உதவியால் மின்கலத்தின் மின்னியக்க விசையை அளக்கும் கருவியை, எடுத்துக்கொள்வோம். வழுக்கிச் சாவியைக் கம்பியின் இந்த அந்தத்தில் தொட்டாலும் மற்ற அந்தத்தில் தொட்டாலும் சிறு ஓட்டத்தையும் காட்டும் கல்வனோமானியின் காட்டி ஒரே பக்கத்துக்கே விலகுகிறது. என்ன பிழை? மூன்று சாத்தியங்கள். சோதிக்கும் கலத்தின் நேர் முனையும் கம்பிக்கு ஓட்டம் தரும் செலுத்தும் கலத்தின் நேர் முனையும் கம்பியின் ஒரே அந்தத்தில் இணைக்கப்படாமல் இருக்கலாம். செலுத்தும் கலம் வடிந்து, கம்பிக்குக் குறுக்கே உள்ள அழுத்த வித்தியாசம் சோதிக்கும் கலத்தின் மின்னியக்க விசையிலும் குறைந்திருக்கலாம். அல்லது பிரதான சுற்றில் ஒரு முனை கழன்றிருக்கலாம். காட்டி அசையவே இல்லை என்றால் பிழை கல்வனோமானி இருக்கும் கிளையில். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளை ஒரு மாதத்தில் மறப்பாள். துருப்பிடித்த முனையைத் தானே மணல்தாளால் தேய்த்து, காட்டி மறுபக்கம் திரும்பியதைக் கண்டவள் மறக்க மாட்டாள். பொறியியலாளர் நாள் முழுக்கச் செய்வதும் இதே பிழை தேடல்தான். இந்தச் சுவை பதினாறு வயதில் தெரியாதவளிடம் பொறியியல் உனக்குப் பிடிக்குமா என்று கேட்டு என்ன பயன்?

கருவிகள் இல்லை என்று சொல்லாதீர்கள். அனேகமான ஆய்வுகூட அலுமாரிகளில் கருவிகள் இருக்கின்றன, பழுது என்ற பெயரில். அவற்றில் ஒரு பகுதி பழுதே அல்ல. பல்மானியில் அடிக்கடி நடப்பது இது: ஒரு பிள்ளை ஓட்டத்தை அளந்து முடித்துவிட்டு, தெரிவுச் சாவியை ஓட்ட வீச்சிலேயே விட்டுவிடுகிறாள். அடுத்தவள் அப்படியே ஒரு 9 வோல்ற்று மின்கலத்துக்குக் குறுக்கே முனைகளை வைக்கிறாள். ஓட்ட வீச்சில் கருவியின் உட்தடை மிகச் சிறியது என்பதால் பெரும் ஓட்டம் பாய்ந்து உள்ளே உள்ள உருகி (பியூஸ்) எரிந்துபோய்விடும். அதற்குப் பிறகு ஓட்டம் அளக்கும்போது எப்போதும் பூச்சியம். பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றி, பழைய உருகியில் எழுதியிருக்கும் அதே அளவில் ஒரு கண்ணாடி உருகியைப் போட்டால் கருவி உயிர்க்கும். இலத்திரனியல் உதிரிப்பாகக் கடையில் உருகியின் விலை ஒரு தேநீரின் விலைக்குள் அடங்கும். ஆனால் "மீற்றர் பழுது" என்று ஒட்டிய சிட்டையோடு அது வருடக்கணக்காக அலுமாரியில் கிடக்கிறது. ஒரு மீற்றர் கம்பியைக் கொண்டு தடையை அளக்கும் மீற்றர்ப் பாலத்தின் கதையும் இதேதான். சாவியைத் தொட்டுத் தொட்டு எடுக்காமல் கம்பிமேல் இழுத்துக்கொண்டு போனால் கம்பி கீறுப்பட்டு அதன் குறுக்குவெட்டு ஒரு சீராக இல்லாமற் போகும், வாசிப்பு ஒவ்வொரு முறையும் மாறும். ஒரு மீற்றர் புதுக் கம்பி வாங்கி ஒரு பாடவேளைக்குள் மாற்றலாம். மாற்றும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம், அதுவும் ஒரு பாடம்தான்.

பிறகு ஏன் திறக்கப்படுவதில்லை? ஆசிரியர்மாரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பொருட்பதிவேட்டில் கையெழுத்து வைத்திருப்பவர் அவர். வருட முடிவில் பொருட் கணக்கெடுப்பு வரும்போது உடைந்த அளவிக்கும் (பியூரெற்றுக்கும்) காணாமற்போன வெப்பமானிக்கும் விளக்கம் எழுதவேண்டியவரும் அவர்தான். யாரும் தொடாத கருவிக்கு விளக்கம் கேட்கப்படுவதில்லை. இப்படி ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் துணிந்து அலுமாரியைத் திறக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அளவி கண்ணாடி, உடையத்தான் செய்யும். உடைவுக்கென்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்தால் பயத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

நாற்பது பேர் வகுப்புக்கு நாற்பது மீற்றர்ப் பாலம் வேண்டும் என்ற கணக்கும் பிழை. சோடி சோடியாகப் பிரித்தால் 20 சோடி. நான்கு பரிசோதனைகளை ஒரே நேரத்தில் நான்கு மேசை வரிசைகளில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து தொகுதிக் கருவிகள் போதும். உதாரணமாக மீற்றர்ப் பாலம், சுரமானி, நகரும் நுணுக்குக்காட்டி, கோளமானி. கிழமைக்கு ஒரு இரட்டைப் பாடவேளை, அதாவது 80 நிமிடம், நேரசூசியில் இருந்தால் நான்கு கிழமையில் எல்லாச் சோடிகளும் நான்கையும் முடித்துவிடும். எட்டுப் பேர் குழுவாக ஒரு கருவியைச் சுற்றி நின்றால் இரண்டு பேர் செய்வார்கள், இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள், மிச்சப்பேர் வாசிப்பைக் கொப்பி அடிப்பார்கள்.

கலவன் பாடசாலைகளில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. பெடியன் கருவியைப் பிடிப்பான், பெட்டை வாசிப்பை எழுதுவாள். "அவளின்ரை எழுத்து வடிவு" என்று காரணமும் சொல்லுவார்கள். எழுதுகிறவருக்குக் கருவி பழகாது. செய்பவர், வாசிப்பவர், பதிபவர் என்று மூன்று வேலைகளையும் ஒவ்வொரு மூன்று வாசிப்புக்கும் ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். இதற்குச் சுற்றறிக்கையும் வேண்டாம், காசும் வேண்டாம்.

சீருடையைச் சாட்டிப் பட்டறைக்குள் விடமறுப்பதும் உண்டு. இரட்டைப் பின்னல், ரிபன், கழுத்தில் ரை, இவை சுடரடுப்புக்கும் சுழலும் துளைக்கருவிக்கும் ஆபத்துத்தான். தீர்வு எளிது. பின்னலை மடித்துக் குத்தவேண்டும், ரையைக் கழற்றவேண்டும், பருத்தித் துணியில் முன்பக்கம் பொத்தான் போட்ட மேலங்கி அணியவேண்டும். நைலோன் கலந்த துணி வேண்டாம், சூடுபட்டால் உருகித் தோலில் ஒட்டும். 12 வோல்ற்று வாகன மின்கலத்தோடு வேலை செய்யும்போது காப்பும் மோதிரமும் கையில் இருக்கக்கூடாது. இரு முனைகளுக்கும் குறுக்கே காப்புப் பட்டால் ஒரு கணத்தில் கை வெந்துவிடும். ஆண்பிள்ளைகளின் கைச்சங்கிலிக்கும் இதே சட்டம்தான்.

இனி, பாடத்தெரிவுக்கு முந்திய தவணையில் என்ன செய்யலாம் என்று சொல்கிறோம். கருத்தரங்குக்குச் செலவாகும் காசில் 24 மாணவிகளுக்கு ஒரு பின்னேரப் பட்டறை நடத்தலாம். 12 சோடிகள். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு பல்மானி, பற்றாசு இல்லாமல் சுற்றுக் கட்டும் ஒரு பிரெட்போட், இரண்டு 9 வோல்ற்று மின்கலம், சில ஒளிகாலும் இருவாயிகள் (எல்.ஈ.டி.), 470 ஓம் தடையிகள், ஒரு பிசி 547 திரான்சிற்றர், ஒளியுணர் தடையி ஒன்று, 100 கிலோ ஓம் தடையி ஒன்று, 220 கிலோ ஓம் தடையி ஒன்று. வகுப்புக்குப் பொதுவாக 25 அல்லது 30 வாற்று பற்றாசுக்கோல் (சோல்டரிங் அயன்) நான்கு, ஒரு சுருள் பற்றாசு, கைவசம் ஒரு பெட்டி உருகி.

முதலில் 470 எங்கிருந்து வந்தது என்று கணிக்கட்டும்: 9 வோல்ற்றில் இருவாயிக்கு 2 போக மிச்சம் 7, அதை 15 மில்லியம்பியரால் வகுத்தால் ஏறத்தாழ 467 ஓம், கடையில் கிடைக்கும் அடுத்த பெறுமானம் 470. தரம் 9 கணிதம் தாண்டி இதில் ஒன்றுமில்லை. பிறகு இருட்டினால் தானாக எரியும் விளக்கு. 100 கிலோ ஓம் தடையி நேர் முனையிலிருந்து திரான்சிற்றரின் அடிவாய்க்கு, ஒளியுணர் தடையி அடிவாயிலிருந்து மறை முனைக்கு, இருவாயியும் 470 ஓமும் சேகரிப்பான் பக்கம், திரான்சிற்றரின் காலி (எமிற்றர்) மறை முனைக்கு. எங்கே பிழைக்கும் என்பதும் முன்கூட்டியே தெரியும். திரான்சிற்றரின் தட்டையான முகத்தை எங்களைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து வலமாகச் சேகரிப்பான், அடிவாய், காலி. பாதிப் பேர் திருப்பிப் போடுவார்கள். இருவாயியின் நீண்ட கால் நேர்ப் பக்கம் இருக்கவேண்டும். வகுப்பறை மங்கலாக இருந்தால் பகலிலும் விளக்கு அணையாது. அப்போது 100 கிலோ ஓமைக் கழற்றி 220 கிலோ ஓமைப் போடச் சொல்லுங்கள், விளக்கு அணைந்துவிடும். ஏன் அணைந்தது என்று ஒரு சோடி தர்க்கப்படத் தொடங்கினால் ஆசிரியர் பேசாமல் இருப்பதே நல்லது.

பற்றாசு பிடிக்கும்போது பழகாதவர் ஈயத்தைக் கோலின் நுனியில் உருக்கிக்கொண்டு வந்து மூட்டில் தடவுவார். அது பிடிக்காது. சாம்பல் நிறத்தில் உருண்டையாக நிற்கும், இழுத்தால் கழலும். மூட்டைக் கோலால் இரண்டு மூன்று செக்கன் சூடாக்கி, ஈயத்தை மூட்டில் தொடவேண்டும். யன்னல் திறந்திருக்கவேண்டும், முடிந்ததும் கை கழுவவேண்டும்.

மனைப் பொருளியலை இளக்காரமாக நாங்கள் சொல்லவில்லை. தையல் இயந்திரத்தின் பொபின் கூட்டைக் கழற்றித் துடைத்து, சிறு திருகாணியால் நூலின் இழுவிசையைச் சரிசெய்யும் மாணவி ஏற்கனவே பொறிமுறை தெரிந்தவள். அதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தரம் 12 வாசலில் நடக்கும் தவறுகளுக்கு வருவோம். நல்ல பெறுபேறு எடுத்த பெண்பிள்ளை என்றால் கேள்வியில்லாமல் உயிரியல் பிரிவு. மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி போதாமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று பரீட்சை எழுதி வருடங்கள் போகும். உயிரியல் பிரிவில் இருந்து பொறியியல் பீடத்துக்கு வழி கிடையாது; அதற்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இரசாயனவியல் கடினம் என்று அதற்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடுத்தாலும் பொறியியல் போய்விடும், கணினி விஞ்ஞானம் போன்ற கற்கைகளே மிஞ்சும். பொறியியல் தொழினுட்பப் பிரிவு எடுத்தவர்கள் போவது தொழினுட்பவியல் பட்டத்துக்கு. அது தரம் குறைந்தது அல்ல, வேறானது. இவற்றை எல்லாம் பிள்ளையும் பெற்றோரும் அறிவது பல்கலைக்கழக விண்ணப்பக் கைநூல் கைக்கு வரும்போதுதான். அது இரண்டு வருடம் பிந்திய அறிவு.

கணிதப் பிரிவை எடுத்தவர்களிலும் சிலர் முதல் தவணையிலேயே வர்த்தகத்துக்கோ கலைக்கோ மாறிவிடுகிறார்கள். "பெட்டைக்குக் கணக்கு ஓடேல்லை" என்பார்கள். சாதாரண தரக் கணிதத்தில் ஏ எடுத்தவளுக்கு ஏன் ஓடவில்லை? சாதாரண தரத்தில் நுண்கணிதமும் இல்லை, நிலையியலும் இல்லை. திரிகோண கணிதம் செங்கோண முக்கோணத்தோடு நின்றுவிடும். அட்சரகணிதப் பின்னங்களைச் சுருக்கும் வேகம் போதாது. இந்த இடைவெளியை நிரப்ப ஆறு கிழமை இணைப்பு வகுப்பு போதும்: காரணியாக்கல், சுட்டிகளும் மடக்கைகளும், இருபடிச் சமன்பாடுகள், சமனிலிகள், எந்தக் கோணத்துக்குமான சைன் கோசைன், காவிகளின் அறிமுகம். பொறியியல் பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில் என்பதால், அந்த வகுப்பிலேயே ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழக்கலாம்.

கணிதப் பிரிவில் ஐந்தாறு மாணவிகள்தான் என்று வகுப்பை மூடிவிடும் பாடசாலைகளும் உண்டு. பக்கத்தில் உள்ள பெரிய பாடசாலை ஆண்கள் பாடசாலை, சேர்க்காது. நெடுந்தீவுப் பிள்ளையின் நிலை இன்னும் மோசம், படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ். பட்டணத்தில் விடுதி கிடைக்காவிட்டால் கலைப்பிரிவுதான்.

பெற்றோரின் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். "படிச்சாலும் வெய்யிலுக்கை சைற்றிலையோ நிக்கப்போறாள்?" சைற்றில் நிற்பதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் வேலை அங்கே மட்டும் இல்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறில்லாத குடாநாடு இது, சுண்ணக்கல்லுக்குள் தேங்கியிருக்கும் நிலத்தடி நீரை நம்பி வாழ்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது நீர் மாதிரி எடுக்கவும் பகுப்பாய்வு செய்யவும் எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. தீவுகளுக்குச் சூரியசக்தியும் காற்றும் சேர்ந்த மின் திட்டங்கள் வருகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில், இங்கிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றரில் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி கிடைக்காதவருக்குத் தேசிய தொழிற்தகைமை வழியும் திறந்த பல்கலைக்கழக வழியும் உண்டு. சீதனச் சந்தையில் டொக்டர் மாப்பிள்ளைக்கு டொக்டர் பொம்பிளை கேட்கிறார்கள் என்பதற்காக ஒரு பிள்ளையின் பாடத்தைத் தீர்மானிப்பதை, குறைந்தபட்சம் பாடசாலையாவது ஆமோதிக்காமல் இருக்கலாம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

அதிபர்களிடம்: அடுத்த பாடத்தெரிவுப் படிவத்தில் மூன்று தொழினுட்பப் பாடங்களையும் அச்சிடுங்கள். ஆசிரியர் இல்லையென்றால் அயற்பாடசாலையோடு சேர்ந்து கிழமையில் இரண்டு பின்னேரம் கூட்டு வகுப்பு வையுங்கள்; எத்தனை மாணவிகள் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையை வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பி ஆசிரியர் கேளுங்கள். உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளுக்குக் கிழமைக்கு ஒரு இரட்டைப் பாடவேளையை ஆய்வுகூடத்துக்கென்று நேரசூசியில் போடுங்கள், அதை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் எடுத்த வாசிப்புகளை எழுதிய செய்முறைக் கொப்பியைத் தவணைக்கு ஒருமுறை நீங்களே பாருங்கள். மாணவி குறைவு என்று கணித வகுப்பை மூடுவதற்கு முன், வலயத்துக்குள் வேறு பெண்கள் பாடசாலையோடு இணைக்க முடியுமா என்று பார்த்து, அதன் முடிவைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுங்கள். தரம் 12 தொடங்க முன் பிரிவுக்கும் பட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு தாளில் அச்சடித்துப் பெற்றோர் கூட்டத்தில் கொடுங்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரிடம்: உடைவு நிதி ஒன்றை இந்த வருட வரவுசெலவில் சேருங்கள். பாவனையில் உடைந்த பொருளுக்கு ஆசிரியரிடமோ மாணவியிடமோ காசு அறவிடுவதில்லை என்று கூட்டக் குறிப்பில் பதியுங்கள்.

பழைய மாணவர் சங்கத்தினரிடம்: முகப்பு வளைவுகள் போதும். அடுத்த நன்கொடையை நான்கு பரிசோதனைகளுக்கு ஐந்து ஐந்து தொகுதிகளாகவும், தரம் 9 பட்டறைக்கான பொருட்களாகவும், வருடா வருடம் தீர்ந்துபோகும் மின்கலம், உருகி, கம்பி, இரசாயனப் பொருட்களுக்கான சிறு தொகையாகவும் தாருங்கள். தீர்ந்துபோகும் பொருட்களில் பெயர்ப் பலகை மாட்ட இடமில்லை என்பது எங்களுக்கும் தெரியும். தீவகத்தில் இருந்தும் வடமராட்சி கிழக்கில் இருந்தும் வரும் கணிதப் பிரிவு மாணவிகளுக்கு விடுதிச் செலவை ஏற்க முடியுமா என்பதையும் உங்கள் கூட்டத்தில் எடுங்கள்.

பதிலை இந்தத் தவணை முடிவதற்குள் உங்கள் அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள்: எந்த நாள், எந்தப் பாடவேளை, எந்த ஆசிரியர். கருவி திருத்த வருவதற்கும் பட்டறை நடத்துவதற்கும் எங்களில் சிலர் சனிக்கிழமைகளில் ஆயத்தமாக இருக்கிறோம். அதற்கு முன் ஆய்வுகூடத்தில் பழுது என்று ஒதுக்கி வைத்த கருவிகளின் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் என்ன கோளாறு என்று ஒரு வரியோடு, எழுதி வையுங்கள். எந்த உதிரிப்பாகத்தை வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்லமுடியும்.

இவ்வண்ணம்,
குடாநாட்டில் விஞ்ஞானமும் கணிதமும் தொழினுட்பமும் கற்பிக்கும், பொறியியல் தொழில் செய்யும் சிலர்
யாழ்ப்பாணம்